கென்டக்கி உழவர் தாமஸ் லிங்கனின் குடிவழியும் குடும்பப்பெயரின் தோற்றமும்: ஓர் ஆவணவழி விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க ஊர்ப்புறத்தில் வாழ்ந்த எழுத்தறிவு குறைந்த உழவர் ஒருவரின் முன்னோரைக் கண்டறிவதற்கு எத்தகைய சான்றுகள் துணைநிற்கின்றன, அச்சான்றுகள் எவ்விடங்களில் வழிதவறச் செய்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. குடியரசுத்தலைவர் ஆபிரகாம் லிங்கனின் தந்தையாகிய தாமஸ் லிங்கன் (1778–1851) இதற்குரிய எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறார். குடும்ப நினைவு, நில ஆவணம், வரிப்பட்டியல், திருமணப் பதிவு, பெயராய்வு, மரபணுச் சான்று ஆகியன ஒன்றையொன்று எவ்வாறு திருத்துகின்றன என்பதும், 'லிங்கன்' என்னும் பெயர் ஓர் இங்கிலாந்து ஊர்ப்பெயரிலிருந்து குடும்பப்பெயராக வளர்ந்த வரலாறும் இங்கு எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: குடிவழியியல், குடும்பப்பெயர், ஊர்வழிப் பெயர், நில ஆவணம், வரிப்பட்டியல், எழுத்து வேறுபாடு.

முன்னுரை

அரசர், பெருநிலக்கிழார், சமயத்தலைவர் ஆகியோரின் குடிவழி பெரும்பாலும் அவர்கள் காலத்திலேயே எழுதிவைக்கப்பட்டது. உழவரின் குடிவழியோ அவ்வாறு எழுதப்படுவதில்லை. அவர் நிலம் வாங்கியபோதும், வரி செலுத்தியபோதும், மணம் புரிந்தபோதும், வழக்காடியபோதும் எழுத்தர் ஒருவர் இட்ட பதிவுகளே அவர் வாழ்ந்தமைக்குச் சான்றாக எஞ்சுகின்றன. அப்பதிவுகள் குடிவழியை நிறுவும் நோக்கில் எழுதப்பட்டவை அல்ல. ஆகவே அவற்றைக் குடிவழிச் சான்றாகப் பயன்படுத்துவோர், ஒவ்வொரு பதிவும் எதற்காக, எவரால், எந்த எல்லைக்குள் எழுதப்பட்டது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

தாமஸ் லிங்கன் இவ்வகையில் சிறந்த எடுத்துக்காட்டாவார். அவர் மகன் புகழ்பெற்றமையால் அவரைப் பற்றிய ஆவணங்கள் முழுமையாகத் தேடப்பட்டன. அதே காரணத்தால் அவரைப் பற்றிய கட்டுக்கதைகளும் பெருகின. நிலைகொள்ளாதவர், முயற்சியற்றவர் என்னும் சித்திரம் வில்லியம் ஹெர்ன்டன் 1889இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றின் வழியே பரவியது. ஆபிரகாம் லிங்கன் தாமசின் மகனே அல்லர் என்னும் வதந்தியும் நெடுங்காலம் உலவிற்று. ஊர்ப்புற உழவர் ஒருவரின் நற்பெயரை ஆவணங்கள் எந்த அளவிற்கு மீட்க இயலும் என்னும் வினா இதனால் எழுகிறது.

1. குடும்ப நினைவும் அதன் எல்லையும்

குடிவழி ஆய்வின் தொடக்கம் குடும்பத்தாரின் நினைவே. ஆபிரகாம் லிங்கன் 1859இல் எழுதிய சுருக்கமான தன்வரலாற்றுக் குறிப்பில் தம் பெற்றோர் வர்ஜீனியாவில் பிறந்தவர்கள் என்றும், தம் பாட்டனார் அங்குள்ள ராக்கிங்ஹாம் கவுண்டியிலிருந்து கென்டக்கிக்குப் பெயர்ந்து சில ஆண்டுகளில் அமெரிக்கப் பழங்குடியினரால் கொல்லப்பட்டார் என்றும், அவருடைய முன்னோர் பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுண்டியிலிருந்து வந்த குவேக்கர் சமயத்தார் என்றும் குறிப்பிட்டார். அதற்கு அப்பால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. நியூ இங்கிலாந்தில் வாழ்ந்த அதே பெயருடைய குடும்பத்தோடு தம் குடும்பத்தை இணைக்க மேற்கொண்ட முயற்சி, இரு குடும்பங்களிலும் ஈனோக், லீவை, மார்டெக்காய், சாலமன், ஆபிரகாம் முதலிய இடுபெயர்கள் ஒத்திருக்கின்றன என்பதற்கு மேல் செல்லவில்லை என்றும் அவர் பதிவுசெய்தார்.

இம்முயற்சி 1848ஆம் ஆண்டைச் சார்ந்தது. அப்போது காங்கிரஸ் உறுப்பினராயிருந்த லிங்கனுக்கு மாசசூசெட்சின் ஹிங்ஹாம் ஊர் வரலாற்றை எழுதிய சாலமன் லிங்கன் மடல் விடுத்து அவர்தம் முன்னோரைப் பற்றி வினவினார். ராக்கிங்ஹாம் கவுண்டியில் வாழ்ந்த டேவிட் லிங்கன் என்னும் உறவினரோடும் லிங்கன் அவ்வாண்டில் மடற்போக்குவரத்து கொண்டிருந்தார். ஆயினும் தொடர்பு நிறுவப்படவில்லை.

குடும்ப நினைவின் வலிமையும் மெலிவும் இங்குப் புலனாகின்றன. இடப்பெயர்ச்சியின் வரிசையாகிய பெர்க்ஸ், ராக்கிங்ஹாம், கென்டக்கி என்பதை நினைவு சரியாகக் காத்தது. காலத்தை அது அவ்வாறு காக்கவில்லை. பாட்டனார் இறந்தபோது தந்தைக்கு ஆறு வயது என லிங்கன் எழுதினார். தாமஸ் 1778 ஜனவரியில் பிறந்தவர். கொலை நிகழ்ந்தது 1786 மே மாதம் என ஆய்வாளர் வரையறுத்துள்ளனர். எனவே அவருக்கு அப்போது எட்டு வயது. இரண்டு ஆண்டு வேறுபாடு சிறிதாகத் தோன்றினும், ஆவணக்காப்பகத்தில் எந்த ஆண்டின் கட்டைத் தேடுவது என்பதை அதுவே முடிவுசெய்கிறது.

2. மக்கள் நிலைத்திருக்க எல்லைகள் பெயர்தல்

அமெரிக்க ஊர்ப்புற ஆவணங்களில் பெரும்பகுதி கவுண்டி நீதிமன்றத்தில் காக்கப்படுகிறது. குடியேற்றம் மேற்கு நோக்கி விரிந்தபோது பெரிய கவுண்டிகள் பிரிக்கப்பட்டுப் புதியன தோன்றின. பழைய ஆவணங்களோ பெரும்பாலும் தாய்க் கவுண்டியிலேயே தங்கின. பெர்க்ஸ் கவுண்டி 1752இல்தான் உருவாயிற்று. ஆனால் தாமசின் கொள்ளுப்பாட்டனார் மார்டெக்காய் லிங்கன் அந்நிலப்பகுதியில் 1736இலேயே இறந்துவிட்டார். அவருடைய ஆவணங்களை பெர்க்ஸ் கவுண்டியின் பெயரில் மட்டும் தேடுவோர் வெறுங்கையராய்த் திரும்புவர். தாமசின் பாட்டனார் ஜான் லிங்கன் 1768இல் வர்ஜீனியாவின் லின்வில் கிரீக் ஓடைக்கரையில் நிலம் வாங்கியபோது அது அகஸ்டா கவுண்டியைச் சார்ந்திருந்தது. ராக்கிங்ஹாம் பின்னர் அதினின்றும் பிரிக்கப்பட்டது. ஆபிரகாம் லிங்கன் 1809இல் பிறந்த இடம் அன்று ஹார்டின் கவுண்டி. 1843 முதல் அது லரூ கவுண்டி.

தாமசின் திருமணப் பதிவு இச்சிக்கலுக்கு வேறொரு வகையில் சான்றாகிறது. அவர் வாழ்ந்த ஹார்டின் கவுண்டியில் தேடியோர்க்கு நான்சி ஹேங்க்ஸுடன் நடைபெற்ற மணத்தின் பதிவு கிட்டவில்லை. பதிவு இல்லாமையே மணம் நடைபெறாமைக்குச் சான்றெனச் சிலர் கொண்டனர். மணமோ மணமகள் வாழ்ந்த வாஷிங்டன் கவுண்டியில் 1806 ஜூன் 12ஆம் நாள் ஜெசி ஹெட் என்னும் போதகரால் நடத்திவைக்கப்பட்டது. ஜூன் 10ஆம் நாளிட்ட மணப்பிணை முறியும் போதகரின் அறிக்கையும் அக்கவுண்டியின் நீதிமன்றத்தில் கண்டெடுக்கப்பட்டபோது ஆபிரகாம் லிங்கன் உயிரோடில்லை. தேடிய இடத்தில் சான்று இல்லை என்பதும் சான்றே இல்லை என்பதும் வெவ்வேறு கூற்றுகள் என்னும் நெறியை இந்நிகழ்வு தெளிவுறுத்துகிறது.

3. வரிப்பட்டியலும் நிலப்பத்திரமும்

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790இல் தொடங்கிற்று. எனினும் 1840 வரையிலான கணக்கெடுப்புகள் குடும்பத்தலைவரின் பெயரை மட்டுமே குறித்தன. பிறர் வயதுப்பிரிவு வாரியாக எண்ணிக்கையாகவே அமைந்தனர். அடிமைப்படுத்தப்படாத ஒவ்வொருவரின் பெயரும் 1850 முதலே எழுதப்பட்டது. கென்டக்கியைப் பொறுத்தவரை 1790, 1800 ஆகிய ஆண்டுகளின் படிவங்கள் எஞ்சவில்லை. இவ்விடைவெளியை நிரப்புவன ஆண்டுதோறும் எடுக்கப்பட்ட வரிப்பட்டியல்களாகும். வரிசெலுத்துவோரின் பெயர், நிலத்தின் அளவு, அது அமைந்த நீரோடை, குதிரைகளின் எண்ணிக்கை முதலியன அவற்றில் இடம்பெற்றன.

லூயிஸ் வாரன் 1926இல் வெளியிட்ட ஆய்வு இத்தகைய கென்டக்கி ஆவணங்களைத் தொகுத்துத் தாமஸ் லிங்கனின் வாழ்வை மறுவரைவு செய்தது. 1803இல் அவர் மில் கிரீக் ஓடையருகே 238 ஏக்கர் நிலம் வாங்கினார். 1808இல் ஏறத்தாழ 300 ஏக்கர் கொண்ட சிங்கிங் ஸ்பிரிங் பண்ணையை 200 டாலருக்குப் பெற்றார். 1811இல் நாப் கிரீக் பண்ணைக்குக் குடிபெயர்ந்தார். அவர் தச்சுத்தொழிலும் அறிந்தவர். தவறாது வரி செலுத்தியவர். ஹெர்ன்டன் வரைந்த முயற்சியற்ற மனிதரை இவ்வாவணங்களில் காண இயலவில்லை.

அவ்வாறாயின் அவர் ஏன் மூன்று பண்ணைகளையும் இழந்தார் என்னும் வினா எழுகிறது. விடை கென்டக்கியின் நில அளவை முறையில் உள்ளது. வர்ஜீனியாவின் மரபைப் பின்பற்றி அங்கு நிலம் மரம், பாறை, ஓடை ஆகியவற்றை எல்லைக்குறியாகக் கொண்டு அளக்கப்பட்டது. மரம் விழுந்தாலோ ஓடை திசைமாறினாலோ எல்லை ஐயத்திற்குரியதாயிற்று. ஒரே நிலத்தின் மேல் பலர் உரிமை கோரினர். மில் கிரீக் நிலம் அளவைப் பிழையால் 200 ஏக்கராகக் குறைத்து விற்கப்பட்டது. மற்ற இரு பண்ணைகளும் உரிமை வழக்கில் சிக்கின. தந்தை கென்டக்கியை விட்டு நீங்கியதற்கு அடிமைமுறை ஓரளவு காரணம் எனினும் நில உரிமைச் சிக்கலே முதன்மைக் காரணம் என ஆபிரகாம் லிங்கனும் குறிப்பிட்டுள்ளார்.

1816இல் குடும்பம் இண்டியானாவுக்குப் பெயர்ந்தது. அங்கு 1785ஆம் ஆண்டின் நிலச்சட்டத்தின்படி நிலம் முன்கூட்டியே ஆறு மைல் சதுரங்களாக அளக்கப்பட்டு, ஒவ்வொன்றும் 640 ஏக்கர் கொண்ட 36 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தாமஸ் 1817 அக்டோபரில் வின்சென்ஸ் நில அலுவலகத்தில் அத்தகைய பகுதி ஒன்றின் கால்கூறாகிய 160 ஏக்கரைப் பதிவுசெய்தார். முழுத்தொகையையும் செலுத்த இயலாமையால் பாதியை விட்டுக்கொடுத்து, எஞ்சிய 80 ஏக்கரை 1827இல் தமதாக்கிக்கொண்டார். கூட்டரசே விற்ற நிலமாதலால் உரிமை ஐயத்திற்கு இடமில்லை. ஒரு மனிதர் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தமைக்கு அவர் இயல்பைக் காரணமாகக் கூறுமுன் அவர் காலத்து நிலச்சட்டத்தை அறிதல் இன்றியமையாதது என்பது இதனால் பெறப்படுகிறது.

தாமசின் வறுமைக்கு மற்றொரு சட்டக் காரணமும் உண்டு. அவர் தந்தை கேப்டன் ஆபிரகாம் லிங்கன் கென்டக்கியில் விரிந்த நிலப்பரப்புக்கு உரிமையாளராயிருந்தார். மூத்த மகனுக்கே நிலம் சேரும் என்னும் பழைய மரபுரிமையை நீக்கிய வர்ஜீனியச் சட்டம் 1785இல் நிறைவேறினும் 1787 ஜனவரி முதல் நாளன்றே நடைமுறைக்கு வந்தது. கென்டக்கி அப்போது வர்ஜீனியாவின் பகுதி. கேப்டன் ஆபிரகாம் 1786 மே மாதம் கொல்லப்பட்டமையால் நிலம் மூத்தவர் மார்டெக்காயைச் சேர்ந்தது. இன்னும் எட்டுத் திங்கள் கழித்து அவர் இறந்திருந்தால் இளையவர் தாமசும் பங்கு பெற்றிருப்பார்.

4. ஏழு தலைமுறைத் தொடர்ச்சி

ஆபிரகாம் லிங்கனால் நிறுவ இயலாத தொடர்பை அவர் மறைவுக்குப் பின் வந்த ஆய்வாளர்கள் நிறுவினர். ஜேம்ஸ் ஹென்றி லீ, ஜே. ஆர். ஹட்சின்சன் ஆகியோர் 1909இலும், வால்டோ லிங்கன் 1923இலும் வெளியிட்ட நூல்கள் இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. அவற்றின்வழிப் பெறப்படும் தந்தைவழி வரிசை வருமாறு:

சாமுவேல் லிங்கன் (1622–1690): இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியிலுள்ள ஹிங்ஹாமில் பிறந்தவர், நாரிச் நகர நெசவாளர் ஒருவரிடம் தொழில் பயின்றவர், 1637இல் மாசசூசெட்ஸ் வந்து அங்குள்ள ஹிங்ஹாமில் குடியேறினார்.
மார்டெக்காய் லிங்கன் (1657–1727): மாசசூசெட்சின் சிச்சுவேட் பகுதியில் இரும்புத் தொழில் புரிந்தவர்.
மார்டெக்காய் லிங்கன், இளையவர் (1686–1736): நியூஜெர்சிக்கும் பின்னர்ப் பென்சில்வேனியாவுக்கும் பெயர்ந்தவர்.
ஜான் லிங்கன் (1716–1788): வர்ஜீனியாவுக்குப் பெயர்ந்தவர்.
கேப்டன் ஆபிரகாம் லிங்கன் (1744–1786): கென்டக்கிக்குப் பெயர்ந்தவர்.
தாமஸ் லிங்கன் (1778–1851).
ஆபிரகாம் லிங்கன் (1809–1865).

ஒவ்வொரு பெயர்ச்சியிலும் குடும்பத்தின் ஒரு கிளை பின்தங்குவதும் மற்றொரு கிளை முன்செல்வதும் இவ்வரிசையில் புலனாகின்றன. முன்சென்ற கிளை பின்தங்கியதை மறந்தது. ஏறத்தாழ 170 ஆண்டுகளில் ஐந்து குடியேற்றப்பகுதிகளைக் கடந்த குடும்பத்தில் தொடக்க ஊரின் பெயர் மறக்கப்பட்டதில் வியப்பில்லை.

இடுபெயர் ஒப்புமை தனித்துச் சான்றாகாது என லிங்கன் கருதியது முறையே. எனினும் அது தேட வேண்டிய திசையைச் சுட்டிற்று. குறிப்பாக மார்டெக்காய் என்னும் அருகிய பெயர் தலைமுறைதோறும் மீள்வது பொருள் நிறைந்தது. 'ஆபிரகாம்' என்னும் பெயர் இக்குடும்பத்தில் நுழைந்த வழியும் அறியத்தக்கது. முதல் மார்டெக்காயின் மனைவி சாரா ஜோன்ஸ். அவருடைய தந்தை ஆபிரகாம் ஜோன்ஸ். தாய்வழிப் பாட்டனாரின் பெயரே பேரனுக்கு இடப்பட்டுத் தந்தைவழி மரபாக வேரூன்றியது. குடும்பப்பெயர் தந்தைவழியை மட்டும் காட்ட, இடுபெயர் மறைந்துபோன தாய்வழியைக் காட்டுவதற்கு இது தக்க சான்றாகும்.

ஒரே பெயருடையோர் பலர் இருப்பது இவ்வாய்வின் பெரும் இடர். மாசசூசெட்சின் ஹிங்ஹாமில் முதல் தலைமுறையிலேயே தாமஸ் லிங்கன் என்னும் பெயரில் நால்வர் வாழ்ந்தனர். நெசவாளர் தாமஸ், ஆலைக்காரர் தாமஸ், மிடாத்தச்சர் தாமஸ், உழவர் தாமஸ் எனத் தொழிலால் அவர்கள் பிரித்தறியப்பட்டனர். அவருள் நெசவாளர் மட்டுமே சாமுவேலின் உடன்பிறந்தவர். கென்டக்கியிலும் தாமஸ் லிங்கனின் சிற்றப்பனார் ஒருவர் அதே பெயரோடு ஃபயெட் கவுண்டியில் வாழ்ந்தார். பெயர் ஒன்றாதல் கொண்டு ஆள் ஒன்றெனத் துணிதல் கூடாது. நிலம், தொழில், அண்டைவீட்டார், சான்றொப்பமிட்டோர் ஆகியனவும் பொருந்துதல் வேண்டும்.

5. 'லிங்கன்' என்னும் பெயரின் தோற்றம்

ஆங்கிலக் குடும்பப்பெயர்கள் பெரும்பாலும் தந்தைபெயர், தொழில், ஊர், உருவம் அல்லது இயல்பு ஆகிய நான்கின் வழியே தோன்றின. 'லிங்கன்' ஊர்வழிப் பெயர். இங்கிலாந்தின் லிங்கன் நகரைப் பண்டைய பிரித்தானியர் நீர்நிலையைக் குறிக்கும் கெல்டியச் சொல்லால் வழங்கினர். நகரின் நடுவே இன்றும் உள்ள பிரேஃபர்டு நீர்நிலையை அது சுட்டுவதாகக் கொள்வர். ரோமானியர் அச்சொல்லை 'லிண்டம்' என இலத்தீனமாக்கினர். கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் ஓய்வுபெற்ற படைவீரரின் குடியிருப்பாக அது உயர்த்தப்பட்டபோது 'கொலோனியா' என்னும் அடை சேர்ந்தது. 'லிண்டம் கொலோனியா' என்பதன் மருஉவே லிங்கன்.

ஊர்ப்பெயர் ஒருவருக்குக் குடும்பப்பெயராக அமைவது பொதுவாக அவர் அவ்வூரை விட்டு நீங்கிய பின்னரே. லிங்கன் நகரில் வாழும் அனைவரும் லிங்கனாரே; ஆகவே அங்கு அப்பெயர் ஒருவரை வேறுபடுத்திக் காட்டாது. அண்டைப் பகுதியாகிய நார்ஃபோக்கிற்குப் பெயர்ந்தவரை 'லிங்கன்காரர்' எனச் சுட்டுவதில் பயன் உண்டு. இப்பெயருடைய குடும்பங்கள் நார்ஃபோக்கில் காணப்படுவதை இவ்வாறு விளங்கிக்கொள்ளலாம். இக்குடும்பம் கடல் கடந்ததற்கும் உரிமையிழப்பே பின்னணியாக இருந்தது. சாமுவேலின் பாட்டனார் ரிச்சர்டு லிங்கன் 1620இல் இறந்தபோது தம் சொத்தைப் பிந்திய மனைவியின் மக்களுக்கு அளித்து, மூத்தவராகிய எட்வர்டை விலக்கினார். எட்வர்டின் மகன் சாமுவேல் நிலமின்றி நெசவு பயிலச் சென்றார். ஆறு தலைமுறைக்கு முன் நிகழ்ந்த இவ்விழப்பு தாமஸின் இழப்போடு ஒத்திருப்பது கருதத்தக்கது.

6. எழுத்து வேறுபாடும் தேடுமுறையும்

ஊர்ப்புற அமெரிக்கரின் பெயரை எழுதியவர் பெரும்பாலும் பெயருக்குரியவர் அல்லர், எழுத்தரே. அவர் கேட்ட ஒலியை எழுதினார். ஆங்கிலத்தில் 'லிங்கன்' என்பதன் இரண்டாம் லகரம் ஒலிக்கப்படுவதில்லை. ஆகவே கேப்டன் ஆபிரகாமின் கென்டக்கி நில ஆவணங்களில் அவர் பெயர் 'லிங்க்ஹார்ன்' எனக் காணப்படுகிறது. லாங் ரன் ஓடையருகே அவருக்கென 400 ஏக்கர் அளக்கப்பட்ட ஆவணத்தை 'லிங்கன்' என்னும் வடிவில் மட்டும் தேடினால் தவறவிட நேரும்.

இச்சிக்கலைத் தீர்க்க இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'சவுண்டெக்ஸ்' என்னும் ஒலிக்குறிமுறை அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது. முதலெழுத்தை நிறுத்தி, உயிரெழுத்துகளை நீக்கி, எஞ்சிய மெய்களை ஒலியினம் நோக்கி எண்களாக்குவது அதன் முறை. மக்கள்தொகைப் படிவங்களுக்கு 1930களில் இம்முறையில் அட்டவணை ஆக்கப்பட்டது. ஆனால் அம்முறை ஒலிக்காத எழுத்தையும் எண்ணுகிறது. 'லிங்கன்' எல்-524 எனவும், ஒலிக்காத லகரத்தை விட்டெழுதிய வடிவம் எல்-525 எனவும், 'லிங்க்ஹார்ன்' எல்-526 எனவும் அமையும். ஒரே மனிதரின் பெயர் மூன்று இடங்களில் பிரிந்து நிற்கிறது. குறிமுறை தேடலுக்குத் துணையாகலாம். முதற்படிவத்தை வரிவரியாகப் படிப்பதற்கு ஈடாகாது.

பிறமொழிக் குடியேறிகளிடம் இம்மாற்றம் இன்னும் ஆழமானது. செருமானிய ஐசன்ஹவுவர் 'ஐசன்ஹோவர்' எனவும், ஹூபர் 'ஹூவர்' எனவும் ஒலிவழித் திரிந்தன. தச்சரைக் குறிக்கும் 'சிம்மர்மன்' சிலரிடம் 'கார்ப்பென்டர்' எனப் பெயர்க்கப்பட்டது. இத்தகைய மாற்றங்களை எல்லிஸ் தீவு அலுவலர் செய்தனர் என்னும் பரவலான நம்பிக்கைக்கு அடிப்படையில்லை. 1892இல் திறக்கப்பட்ட அந்நிலையத்தில் கப்பலில் முன்பே எழுதப்பட்ட பெயர்ப்பட்டியலையே அலுவலர் சரிபார்த்தனர். பெயர்கள் பெரும்பாலும் பள்ளி, பணியிடம், நீதிமன்றம், கல்லறை ஆகியவற்றிலேயே மெல்ல மாறின.

7. தாய்வழியும் மரபணுச் சான்றும்

மணத்திற்குப் பின் பெண்ணின் பிறந்தகப் பெயர் மறைவதால் தாய்வழி ஆய்வு கடினமானது. நான்சி ஹேங்க்ஸின் தாய் லூசி, ஹேங்க்ஸ் குடியில் பிறந்தவரா, ஷிப்லி குடியில் பிறந்து ஹேங்க்ஸ் குடியில் மணந்தவரா என்பது நெடுங்கால வழக்கு. முதற்கூற்று உண்மையாயின் நான்சி மணவாழ்வுக்குப் புறத்தே பிறந்தவர் ஆவார். ஆபிரகாம் லிங்கனே இதனைத் தம்மிடம் கூறினார் என ஹெர்ன்டன் எழுதினார். குடும்ப மானத்தைக் காக்க விரும்பியோர் இரண்டாம் கூற்றை வலியுறுத்தினர். எழுத்துச் சான்று எத்தரப்புக்கும் முடிவாக அமையவில்லை.

தாயிடமிருந்து மக்களுக்கு மாறாது வரும் மைட்டோகாண்ட்ரிய மரபணு இங்குத் துணைநின்றது. நான்சியின் ஒரே மகள் சாரா 1828இல் மகப்பேற்றின்போது இறந்தமையால் நான்சிக்கு நேர்ப்பெண்வழி இல்லை. எனவே அவர்தம் தாய்வழி உறவினரின் பெண்வழி மரபினர் ஆராயப்பட்டனர். 2015இல் வெளியான முடிவு, எக்ஸ்1சி என்னும் மிக அரிய மரபணுப்பிரிவு அவர்களிடம் ஒத்திருப்பதைக் காட்டி, லூசி ஹேங்க்ஸ் குடியில் பிறந்தவர் என்பதை நிறுவியது. மரபணு தாயின் குடியைக் காட்டிற்று. நான்சியின் தந்தை யார் என்பதை அது சொல்லவில்லை. ஒவ்வொரு சான்றும் தன் வினாவிற்கே விடையளிக்கும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

8. பெயர் எழுதப்படாதோர்

தாமஸ் லிங்கனின் குதிரைகளைக் குறித்த அதே வரிப்பட்டியல்கள், அண்டைப் பண்ணைகளில் அடிமைப்படுத்தப்பட்டிருந்த ஆப்பிரிக்க அமெரிக்கரைப் பெயரின்றி எண்ணிக்கையாகவே குறித்தன. 1850, 1860 ஆகிய ஆண்டுகளின் அடிமைப் படிவங்களும் உரிமையாளரின் பெயரை எழுதி, அடிமைப்படுத்தப்பட்டோரின் வயது, பால், நிறம் ஆகியவற்றோடு நின்றன. அவர்கள் யாவரும் பெயரோடு இடம்பெற்ற முதற் கணக்கெடுப்பு 1870ஆம் ஆண்டினது. அதற்கு முற்பட்ட காலத்தை அவர்தம் வழித்தோன்றல்கள் அறிய வேண்டுமாயின் உரிமையாளரின் உயில், சொத்துப்பட்டியல், விற்பனைப் பத்திரம் ஆகியவற்றையே நாட வேண்டியுள்ளது. விடுதலை பெற்றோருக்கென 1865இல் தொடங்கப்பெற்ற சேமிப்பு வங்கியின் பதிவேடுகள் பெற்றோர், உடன்பிறந்தோர் பெயர்களைக் குறித்தமையால் அரிய துணையாகின்றன. வறிய வெள்ளை உழவரின் குடிவழி கடினமானது எனினும் எழுதப்பட்டது. அவர் அருகே உழைத்தவரின் குடிவழி எழுதப்படாதது. ஆவணவழி ஆய்வு இவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் வேண்டும்.

முடிவுரை

தாமஸ் லிங்கனின் குடிவழி ஆய்வால் பெறப்படுவன:

1. குடும்ப நினைவு இடவரிசையைக் காப்பதில் வலிமையுடையது, காலக்கணிப்பில் மெலிந்தது.
2. ஆவணத்தைத் தேடுமுன் அக்காலத்துக் கவுண்டி எல்லையை அறிதல் வேண்டும். ஓரிடத்தில் கிட்டாமை இன்மைக்குச் சான்றாகாது.
3. நிலச்சட்டம், மரபுரிமைச் சட்டம் ஆகியவற்றின் துணையின்றி உழவரின் வாழ்வை மதிப்பிடுதல் பிழையாகும். தாமசின் மேல் சுமத்தப்பட்ட முயற்சியின்மை, பெரும்பாலும் அளவைப் பிழையும் உரிமைச் சிக்கலும் விளைத்த இழப்பே.
4. குடும்பப்பெயர் தோன்றிய ஊரைக் காட்டும். அப்பெயருடையோர் யாவரும் ஒரே குடியினர் எனக் காட்டாது.
5. எழுத்து வேறுபாட்டை ஒலிநோக்கில் ஆராய்தலும் முதற்படிவத்தை நேரில் படித்தலும் இன்றியமையாதன.

ஆபிரகாம் லிங்கன் தம் பெற்றோரைச் சிறப்பில்லாக் குடும்பத்தினர் எனக் குறித்தார். ஆவணங்கள் அக்குடும்பத்திற்குப் பெருஞ்சிறப்பு எதனையும் சேர்க்கவில்லை. இரண்டு முறை நிலவுரிமை மறுக்கப்பட்டும், மூன்று பண்ணைகளை இழந்தும், இறுதியில் ஐயமற்ற உரிமையோடு 80 ஏக்கர் நிலத்தைப் பெற்ற ஓர் உழவரை அவை காட்டுகின்றன.